பின்னெ ஓரஞ்சு

என் மனைவி ஒரு படம் முடிவதற்குள் நாற்பத்து மூன்று முறை "என்ன சொன்னான்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். நான் எண்ணினேன். எண்ணுவது எனக்கு உத்தியோகத்தில் வந்த பழக்கம். முப்பத்தொரு வருடம் வாய்க்கால்களில் தண்ணீர் மட்டம் பார்த்து, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நோட்டில் எழுதியவன். அடுத்த படத்தில் அந்த எண் பதினேழானது. அதற்கடுத்ததில் பூஜ்யம். காது தேறிவிட்டது என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். பிறகுதான் புரிந்தது, அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். திரையைப் பார்த்தபடி வெங்காயம் உரிப்பாள். பாதியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று எழுந்து போவாள், திரும்பி வரமாட்டாள். நாற்பத்து மூன்று என்னை எரிச்சல்படுத்தியது உண்மை. அந்தப் பூஜ்யம் என்னைத் தூங்கவிடவில்லை.

வலது காது அநேகமாகப் போய்விட்டது. இடதில் பாதி இருக்கிறது. டாக்டர் கொடுத்த காது மிஷினைக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போட்டுக்கொள்வாள். "அதப் போட்டா மிக்ஸி தலைக்குள்ள ஓடறாப்ல இருக்குதுங்க" என்று வீட்டுக்கு வந்ததும் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவாள். படத்தில் அவளுக்குப் பாட்டு கேட்கும், சண்டை கேட்கும். பேச்சு மட்டும் இசையில் கரைந்து போய்விடும்.

ஆறு பெட்டி உள்ள ஸ்பீக்கர் செட்டில் பேச்சு பெரும்பாலும் நடுப் பெட்டியில்தான் வரும் என்று ஒரு வாரப் பத்திரிகையில் படித்தேன். படித்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. எல்லாத் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் வந்தால் கலங்கத்தான் செய்யும். பேச்சுக்குத் தனி மடை இருந்தால், அந்த மடையை மட்டும் கூடுதலாகத் திறந்துவிடலாம் அல்லவா?

மகன் பெங்களூரில் இருக்கிறான். அவன் விட்டுப்போன கம்ப்யூட்டரில்தான் நாங்கள் டிவிடி போட்டுப் படம் பார்ப்பது. போனில் சொன்னேன்.

"அப்பா, நீங்க ஒண்ணையும் தொடாதீங்க. தீவாளிக்கு வந்து நான் மாட்டித் தர்றேன்."

"தீவாளிக்கு இன்னம் இருவத்து மூணு நாள் இருக்குது."

"இருவத்து மூணு நாள்ல என்ன ஆயிருமுங்க?"

ஒன்றும் ஆகாது. ஆனால் வாரத்துக்கு இரண்டு படம் என்றால் ஆறு படம், ஆறு பூஜ்யம். மறுநாளே கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறிப் பாலக்காடு போய் செட்டை வாங்கிவந்தேன். ஐந்து சின்னப் பெட்டி, ஒரு பெரிய பெட்டி. அட்டையில் 5.1 என்று போட்டிருந்தது. ஐந்தும் ஒன்றும் ஆறு, நடுவில் புள்ளி எதற்கு என்று கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார். பெரிய பெட்டிதான் அந்தப் புள்ளி ஒன்றாம். இருப்பதிலேயே பெரியதைப் பத்தில் ஒன்று என்று எழுதுகிறவர்களை என்னவென்று சொல்வது?

கடைக்காரர் மலையாளி, பொறுமைசாலி. கம்ப்யூட்டரிலிருந்து வரும் மூன்று ஒயர்களையும் பெரிய பெட்டியின் முதுகில் மேலிருந்து கீழாக எப்படிச் செருக வேண்டும் என்று, பயப்பட வேண்டாம் என்று தைரியம் கொடுத்துச் சொன்னார். "சாரே, பேடிக்கண்ட. ஆத்யம் பச்ச. பின்னெ ஓரஞ்சு. ஒடுக்கம் கறுப்பு. கழிஞ்ஞு." அவ்வளவுதான் வேலை என்பதுபோல் கையைத் தட்டிக்கொண்டார். நான் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் படித்தது தமிழ் மீடியம். மலையாளம் நன்றாகப் புரியும், பேசுவேன், ஆனால் கை தமிழ் எழுத்தைத்தான் எழுதும். ஆபீசிலும் மலையாள உத்தரவுகளையெல்லாம் தமிழ் எழுத்தில்தான் குறித்துவைப்பேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு பிழை வந்ததில்லை.

வாங்கிவந்த அன்றே இடி பிடித்துக்கொண்டது. ஐப்பசி மாதம், மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கிழக்கே கறுத்துக்கொண்டு வரும். நான் வீட்டில் உள்ள பதினொரு பிளக்கையும் பிடுங்கி வைத்துவிடுவேன். எட்டு நாள் அட்டைப்பெட்டியைத் திறக்கவே இல்லை.

ஒன்பதாம் நாள் வானம் வெளுத்திருந்தது. காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐந்து பெட்டிக்கும் ஐந்து ஒயர், ஒவ்வொன்றிலும் இரண்டு இழை, இரண்டு முனை. ஆக இருபது நுனி. இருபதையும் சீவி, சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்டினேன். பெரிய பெட்டியின் முதுகில் மூன்று வரிசைத் துளைகள், இங்கிலீஷில் எழுதியிருந்தது: முன், நடு, பின். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பிறகு என் நோட்டைப் பார்த்தேன். ஆத்யம் பச்சை. முதலாவது, அதாவது முன்னால், சரி. பின்னெ ஓரஞ்சு. ஆகவே ஆரஞ்சு ஒயரைப் பின் பெட்டிகளுக்கான துளையில் செருகினேன். ஒடுக்கம் கறுப்பு. நடுப் பெட்டி திரைக்கும் மேஜைக்கும் இடையில் ஒடுக்கமான சந்தில்தான் இருந்தது. கறுப்பு அதற்கு. இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்தாரே என்று கடைக்காரரை மனதுக்குள் மெச்சினேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு பழைய படத்தைப் போட்டேன். அவள் முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். சட்டென்று தலையைத் திருப்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

"ஏனுங்க, பொறக்கதவத் தொறந்து போட்டிருக்கறீங்களா?"

"இல்லையே."

"ஆரோ வந்திருக்கறாங்க பாருங்க."

முறத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனாள். கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள்.

"ஆரையும் காணமுங்க. ஒரு பொம்பள, கடுதாசி வந்துருச்சான்னு கேட்டாளே. உங்குளுக்குக் கேக்குலியா?"

எனக்குக் கேட்டது. கடிதம் வந்துவிட்டதா என்று கேட்டவள் திரையில் நின்றுகொண்டிருந்த கதாநாயகி. அவள் குரல், எங்கள் முதுகுக்குப் பின்னால், சமையலறைக் கதவோரம் நான் ஆணியடித்து மாட்டிய பின் இடதுபெட்டியிலிருந்து வந்தது. எனக்கு ஒரே சமயத்தில் இரண்டு விஷயம் தெரிந்தது. நான் மாட்டியது தப்பு. ஆனால் அவளுக்கு ஒரு வாக்கியம் முழுசாகக் கேட்டிருக்கிறது.

நோட்டை எடுத்து மறுபடி படித்தேன். மூன்று தடவை மனதுக்குள் படித்தேன், தப்பு தெரியவில்லை. நாலாவது தடவை வாய்விட்டுப் படித்தபோது கடைக்காரரின் குரல் வந்துவிட்டது. ஆத்யம், பின்னெ, ஒடுக்கம். மனிதர் மலையாளத்தில் முதலில், அப்புறம், கடைசியில் என்று வரிசை சொல்லியிருக்கிறார். எழுதும்போது மலையாளம், எட்டு நாள் கழித்துப் படிக்கும்போது தமிழாகிவிட்டது. முன், நடு, பின் என்று மேலிருந்து கீழாகப் பச்சை, ஆரஞ்சு, கறுப்பு. ஒரு குழந்தை மாட்டியிருக்கும்.

மாற்றி மாட்டினேன். இப்போது பேச்சு ஒழுங்காகத் திரைக்கு அடியிலிருந்து வந்தது. ரிமோட்டில் நடுப் பெட்டியின் மடையை மட்டும் முடிந்த மட்டும் திறந்துவிட்டேன்.

"கேக்குதா?"

"கேக்குதுங்க."

"சரி, இப்ப அவன் என்ன சொன்னான்?"

"நல்லதாத்தான் சொன்னான்" என்றாள், முறத்தைப் பார்த்துக்கொண்டு.

டேப் பிடித்து அளந்தேன். அவள் நாற்காலியிலிருந்து திரை பதினோரு அடி. சமையலறைக் கதவோரப் பெட்டி நாலடி, அதுவும் இடது காதுப் பக்கம். கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகவில்லை என்றால் மேல்மடையில் எவ்வளவு திறந்து என்ன பயன்? வாய்க்காலை வயலோரம் கொண்டுபோக வேண்டும். காலிங் பெல் ஒயரில் பதினாறடி வெட்டி, நடுப் பெட்டியின் ஒயரோடு முறுக்கி, டேப் சுற்றி, சுவரோரமாகக் கொண்டுபோனேன். பெட்டியை ஒரு முக்காலியில் அவள் இடது பக்கம் வைத்தேன். எலி கடிக்குமோ என்று ஒயரை ஒரு பழைய ஹோஸ் குழாய்க்குள் நுழைத்தேன். எந்தப் புத்தகத்திலும் இப்படி வைக்கச் சொல்லவில்லை. அன்று அவள் படம் முடியும் வரை எழுந்திருக்கவில்லை. மாடு இரண்டு தடவை கத்தியது.

தீபாவளிக்கு வந்த மகன் பையை இறக்குவதற்கு முன்பே முக்காலியைப் பார்த்துவிட்டான்.

"அப்பா, இந்த நடுப் பெட்டி திரைக்கிட்ட, நடுவுல இருக்கோணுமுங்க. எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்கறீங்க."

"எத்தனையோ ஊர்ல அப்படித்தான் வெச்சிருப்பாங்க. இங்க இப்படித்தான்."

"சத்தம் பேலன்ஸே இருக்காதுங்க. நகத்தட்டுமா?"

அவன் முக்காலியில் கை வைத்தான். அவள் அடுப்படியிலிருந்தே பார்த்துவிட்டாள்.

"டேய், அதத் தொட்டீன்னா உனக்கு முறுக்கு கெடையாது, சொல்லிப்போட்டேன்."

"அம்மா, அது தப்பான எடத்துல இருக்குது."

"தப்பான எடத்துல இருந்தா எனக்கு எப்பிடிடா கேக்குது? உங்கப்பன் அளந்து வெச்சது. நீ எங்க அளந்த?"

அவன் கையை எடுத்துவிட்டான். குனிந்து, ஹோஸ் குழாய்க்குள் போன ஒயரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஜாயிண்டை விரலால் தடவினான். "முறுக்கு நல்லா இறுக்கமாத்தான் இருக்குதுங்க" என்றான். அவன் இன்ஜினியர். அவனிடமிருந்து அவ்வளவு வருவதே பெரிது.

சாயங்காலம் மூன்று பேரும் ஒரு நகைச்சுவைப் படம் பார்த்தோம். மேற்கே லேசாக மின்னியது. பிளக்கைப் பிடுங்கலாமா, இன்னும் ஐந்து நிமிஷம் பார்க்கலாமா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எத்தனை நொடி என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, என் பக்கத்தில் அவள் சிரித்தாள். நாங்கள் சிரிப்பதைப் பார்த்துச் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு இல்லை. நான் சிரிக்கவில்லை, மகன் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அவளாகச் சிரித்தாள், தோள் குலுங்க.

"என்ன சொன்னான்?" என்றேன்.

"சித்தெ சும்மா இருங்க, அடுத்தது போயிரும்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றைக்கு நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன். அவள் கேட்டது பூஜ்யம். நான் கேட்டது ஒன்று.