ஏரியோடு நின்ற நீலக்கோடு

என் நைனாவுக்கு அளவு நாடாவைக் கண்டாலே ஆகாது. எங்கள் ஊருக்குத் தெற்கே கம்பெனிகள் வருவதற்கு முன்னால் நாலு பேர் நாடாவோடு வந்து, மரம் எத்தனை, கிணறு எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் அங்கே வேலி வந்துவிட்டது. அந்த நிலத்தில் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த என் மாமா, அதே இடத்தில் வாட்ச்மேனாக நின்றார். எங்களுக்கு இருந்தது, கூலிக்குப் போன குடும்பம் என்று அரசாங்கம் கொடுத்த ஒன்றரை ஏக்கர். அதில் கரும்பு, ஓரத்தில் ஒரு வெல்ல அடுப்பு.

அதனால் திருப்பதியிலிருந்து ஒரு மேடம் ஜீப்பில் வந்து, "பத்து ஊரும் சேர்ந்து ஒரு பிளான் போடலாம். வெள்ளம், வறட்சி, புகை, எல்லாத்துக்கும். நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம், நீங்களே சொல்லுங்க" என்றபோது ஒருவரும் நம்பவில்லை.

"நம்மளயே சொல்ல வச்சி நம்ம நெலத்த எடுத்துக்குவாங்கோ" என்றார் நைனா என் காதில். எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்த அம்மா சிரித்த சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் கோலப்பொடியால் ஊரை வரையச் சொன்னார்கள். பத்தாவது வரை படித்தவள் என்று பொடியை என்னிடம் கொடுத்தார்கள். தண்ணீருக்கு நீலம். ஏரியை வரைந்தேன். அது நிரம்பினால் வழிந்தோடும் கால்வாய் எங்கள் நிலத்தின் நடுவில்தான் போனது. நைனா அதைத் தூர்த்து கரும்பு நட்டிருந்தார். நீலக்கோட்டை ஏரியோடு நிறுத்திவிட்டேன்.

"அப்போ, ஏரி நெறைஞ்சா மிச்ச நீரு எங்க போவும்?" என்று மேடம் கேட்டார்.

"எங்க மேடம் நெறையுது?" என்றார் நைனா. எல்லோரும் சிரித்தார்கள்.

அடுப்பில் என்ன எரிக்கிறீர்கள் என்றதற்கு, கரும்புச் சக்கை மட்டும்தான் என்று சொன்னோம். எரிக்க வைத்திருந்த பழைய டயர்களை வைக்கோல் போட்டு மூடியிருந்தோம்.

பிளான் வந்தது. வழிகால்வாய் இல்லை என்று நம்பி, ஏரிக்குக் கீழே பாதையை உயர்த்தி மண் கொட்டினார்கள். அதற்கடுத்த கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. நிரம்பவே நிரம்பாது என்ற ஏரி நிரம்பி, வழிந்த தண்ணீர் போக வழியில்லாமல் நாங்கள் குடியிருந்த காலனிக்குள் திரும்பியது. இடுப்பளவுத் தண்ணீரில் பக்கத்து வீட்டு அக்காவின் கைக்குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவளுடைய ஆடுகளைக் காப்பாற்ற முடியவில்லை.

"இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சின்னே தெரியலயே" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரியும்.

திருப்பதியில் அடுத்த கூட்டம். சுவரில் எங்கள் வரைபடம், காகிதத்தில் ஏற்றியது. நான் எழுந்து பேனா கேட்டேன். ஏரியிலிருந்து எங்கள் கரும்பை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு கோடு போட்டேன். "இது நான் மறைச்சது மேடம். டயர் எரிச்சதும் நிஜம்தான்" என்றேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நைனா வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

கால்வாயைத் தோண்டினார்கள். பாதைக்கு அடியில் குழாய் வைத்தார்கள். மேடமும் அந்தக் கூட்டத்தில் வாக்குக் கொடுத்தபடி, மீதி நிலம் எங்களுடையதுதான் என்று எழுதி வாங்கித் தந்தார். அந்தக் காகிதத்தை மூன்று பேரிடம் காட்டிப் படிக்கச் சொன்ன பிறகுதான் நைனா பெட்டியில் வைத்தார். அடுப்பு மட்டும் ஓயவில்லை. டயர் இல்லாமல் எரிகிறது.

போன வருஷம் இரண்டு பேர் போனை நீட்டிக்கொண்டு வந்து கிணற்று ஆழம் கேட்டார்கள். நைனா ஒரு நோட்டை எடுத்துவந்து அவர்களிடமே கொடுத்தார்.

"உங்க பேரு, ஆபீசு, என்னா கேட்டீங்கோ, எதுக்குக் கேட்டீங்கோ, எல்லாம் எழுதி கையெழுத்துப் போடுங்கோ. அப்புறம் சொல்றேன்."

அவர்கள் எழுதி முடிக்கும் வரை நானும் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன்.