ஒளித்து வைத்த மாத்திரைகள்

அன்று கட்டிலில் என் மனைவி லூர்து படுத்திருந்தாள். காலடியில் மகள் ஸ்டெல்லா. ஸ்டூலில், ஆஸ்பத்திரியிலிருந்து பார்க்க வந்த நர்ஸ். கதவோரம் நான். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவன்.

லூர்துக்கு வயிற்றில் புற்றுநோய். ஒரு வாரம் முன்பு மார்ஃபின் மாத்திரை கொடுத்து, வலிக்கு நாளுக்கு ஆறு போடச் சொன்னார்கள். முதல் மாத்திரைக்கே அசந்து தூங்கினாள். போதை பிடித்துவிடும் என்று பயந்தேன். குடியால் கெட்டவன் நான். அதனால் தினமும் ஒன்றோடு நிறுத்தினேன். மீதியை டப்பாவில் ஒளித்தேன்.

"வலி எப்படிம்மா இருக்கு?" என்று நர்ஸ் கேட்டார்.

லூர்து என்னைப் பார்த்தாள். "பரவால்ல சிஸ்டர்," என்றாள். தலையணை ஓரம் முழுக்கப் பல் தடம்.

நர்ஸ் அதைப் பார்த்துவிட்டார். "மாத்திரை எங்கண்ணா?"

டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை.

"மொதல்ல தூக்கம் வரும், ரெண்டு மூணு நாள்ல தெளிஞ்சிடும். மலச்சிக்கலுக்கும் மருந்து இருக்கு. பயமா இருந்தா எங்களக் கேளுங்க. நீங்களா கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

ஒரு மாத்திரை கொடுத்தார். கொஞ்ச நேரத்தில், வாரம் முழுக்கச் சுருண்டு கிடந்தவள் காலை நீட்டினாள்.

"இன்னாயா, நீ பாட்டில் பாட்டிலா குட்ச்சப்போ நான் பயந்தனா? என் ஒரு மாத்திரைக்குப் பயந்துகினியே."

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகு வேளை தவறாமல் கொடுத்தேன். லூர்து போகும்போது வலி இல்லாமல்தான் போனாள். அந்த ஒரு வாரத்தை மட்டும் என்னால் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அன்று நர்ஸ் டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்து, எங்கள் எதிரிலேயே எண்ணினார்.

முப்பத்தைந்து.