பிறை பார்க்கும் கண்

முத்துப்பேட்டை அரிசி ஆலைக்காரர் அப்துல் ஜலீல் கண்ணால் காணாததை நம்பமாட்டார். பெருநாள் பிறை பார்க்கும் கமிட்டியில் அவர் இருந்தவரை, கணக்குப் போட்டு முன்கூட்டியே தேதி சொல்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். கணக்கு சாட்சி சொல்லுமா, அதற்கு அல்லாஹ்வின் பயம் உண்டா என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஆலையில் செயற்கை நுண்ணறிவுக் கேமரா மாட்டினார். யார் எதை எடுத்தாலும் அது அவர் செல்போனுக்குச் சொல்லிவிடும். ஒரு நாள், அரிசி புடைக்கும் நாகம்மாள் மடியில் அரிசி கட்டிப் போவதாகச் சொன்னது. அது வெற்றிலைப் பை என்றாள் அவள். எடுத்துக் காட்டவும் வந்தாள். ஜலீல் திரும்பிப் பார்க்கவில்லை. மெஷினுக்கு யார்மேலும் பகை கிடையாது என்று சொல்லி, எல்லார் முன்னிலையிலும் வேலையைவிட்டு நிறுத்தினார்.

கொஞ்ச நாளில், தொழுகை விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிய அவரையும் கேமரா, எல்லார் காதிலும் விழும்படி செல்போனில் திருடன் என்றது. ஆலையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நாகம்மாளைக் கூப்பிட ஆள் அனுப்பினார், அவள் வரவில்லை. தானே போகக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டார். ஹஜ்ஜுக்கு இடம் கிடைத்ததும் வேறு வழியில்லை. கிளம்புகிறவர் தெரிந்தவர்களிடமெல்லாம் போய்ப் பிழை பொறுக்கக் கேட்டாக வேண்டும். படைத்தவனுக்குச் செய்த குற்றத்தை அவன் மன்னிப்பான். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும். ஜலீல் எந்தத் தவறும் செய்யாத வீடுகளுக்கு முதலில் போனார். எல்லாரும் தாராளமாக மன்னித்தார்கள்.

கடைசியில் நாகம்மாள் வீடு. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். மெஷின் தப்பாகச் சொல்லிவிட்டது என்று ஆரம்பித்தார்.

“மெஷின் சொன்னதுக்கு நீங்க ஏன் அலையிறீங்க மொதலாளி? அதையே அனுப்புங்க, மன்னிச்சு விட்டுடறேன்.”

அவர் மோரைக் கீழே வைத்தார். “நான்தான் பாக்கலை நாகம்மா. நீ காட்ட வந்தே. நான் பாக்கலை.”

“அன்னிக்கு எல்லாரும் இருந்தாங்க. இன்னிக்கு நீங்களும் நானும்தானே இருக்கோம்” என்றாள் அவள்.

மறுநாள் ஆலையில் எல்லாரையும் கூட்டிச் சொன்னார். ஆனால் புடைக்கிற வேலையையும் அதற்குள் இன்னொரு மெஷின் எடுத்துக்கொண்டிருந்தது. அன்று அதைப் பார்த்து நின்ற பெண்கள் யாரும் இல்லை. இருந்தவர்களுக்கு நாகம்மாள் யாரென்று தெரியவில்லை.

ஜலீல் ஹஜ் போய் வந்தார். ஊரில் ஹாஜியார் என்கிறார்கள். இந்த வருடம் பிறை பார்க்கக் கூப்பிட்டபோது, தன் கண்ணைச் சாட்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.