நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்

ஞானதாஸ் ஊசி போடத் தெரியாத டாக்டர். திருவிடந்தைப் பக்கத்துக் காலனியில் முதல் டாக்டர் பட்டம் அவருடையதுதான். படித்தது மரபணு ஆராய்ச்சி, வேலை படூரில் ஒரு தனியார் கல்லூரியில். காலையில் பல் துலக்கும் முன்பே செல்போனைத் திறந்து, தன் கட்டுரைகளை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவார். ஒன்று கூடியிருந்தால் அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும்.

மொத்தம் முப்பத்தேழு கட்டுரைகள். முப்பத்தாறை அவரும் அவருடைய மாணவர்களும் படித்திருந்தால் பெரிய விஷயம். மிச்சம் ஒன்றுக்குத்தான் நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள். பதவி உயர்வு, ஜெர்மனிப் பயணம், கார் எல்லாமே அந்த ஒன்று போட்ட சோறு.

அது சொந்தக் காலனி ஜனங்களின் ரத்தத்தில் எழுதிய கட்டுரை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்ச் ஹாலில் மேஜை போட்டு, நர்ஸை வைத்து நூற்று அறுபது பேரிடம் ரத்தம் எடுத்தார். நம்ம பையன் கேட்கிறானே என்று அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து கையை நீட்டினார்கள். முடிவு வந்ததும் வீடு வீடாக வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்தார்.

முடிவு வந்தது. பதினோரு பேருக்குத் தலசீமியா என்ற ரத்த நோயின் கூறு இருந்தது. அவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. அப்படிப்பட்ட இருவர் கல்யாணம் செய்துகொண்டால்தான் பிள்ளைக்கு நோய் வரலாம். முதலில் கட்டுரை முடியட்டும் என்றார். பிறகு பதவி உயர்வு நேர்காணல் முடியட்டும் என்றார். அப்புறம் மறந்தே போனார். நல்ல மனுஷர்தான், ஆனால் மறதிக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது.

சித்தப்பா மகள் ஜெனிஃபரை, அதே காலனியில் இருந்த, கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ் ஓட்டும் ஆல்வினுக்குக் கட்டிக்கொடுத்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மிக்ஸி பரிசளித்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தார். கட்டுரையில் யாருக்கும் பெயர் இல்லை, எண்தான். பெயர்கள் இருந்த நோட்டு பீரோவில் கிடந்தது.

இப்போது அவர்கள் பிள்ளை ஜோஷ்வாவுக்கு ஒன்றரை வயது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுகிறார்கள். தாய் தகப்பன் இருவரும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். மாமியார் காசியம்மாள் மகனை டெஸ்டுக்குப் போக விடவில்லை. தன் வம்சத்தில் இல்லாத நோய், மாசமாக இருக்கும்போது மருமகள் தின்ற பப்பாளிதான் காரணம் என்று தெருவெல்லாம் சொன்னாள். ஜெனிஃபரும் அதை நம்பித் தேய்ந்துபோனாள்.

இது காதுக்கு வந்த அன்றுதான் ஞானதாஸ் நோட்டைத் தேடி எடுத்தார். பதினேழு, ஜெனிஃபர். நாற்பத்திரண்டு, ஆல்வின். வாயைத் திறந்தால் ஜெனிஃபர் மேல் விழுந்த பழி இறங்கும். அது தன் தலையில் ஏறும். நான்கு நாள் தள்ளிப்போட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று மனைவி முகத்துக்கு நேரே சொன்ன பிறகு, ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்.

ஜெனிஃபர் வீட்டுச் சமையற்கட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்து, காசியம்மாளையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். பப்பாளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆல்வின் ரத்தத்திலும் அது இருக்கிறது என்று நோட்டைக் காட்டினார். காசியம்மாள் எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

ஜெனிஃபர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ கல்யாணத்துக்கு வந்தப்பவே உனுக்கு இது தெரியுமாண்ணா?"

"நோட்டுல இருந்துச்சும்மா. நான் தொறந்து பாக்கல."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். நோட்டை வாங்கி, அவர் காட்டிய மற்ற ஒன்பது பெயர்களையும் விரல் வைத்துப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"நம்ம பக்கத்து வூட்டு கவியா பேரும் கீது. அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம். மாப்ள இந்தத் தெருதான், அவனுக்கும் இருந்தா?"

கல்யாணப் பத்திரிகை தனக்கும் வந்திருப்பதாக ஞானதாஸ் சொன்னார்.

"இப்பவே போய் சொல்லு. இந்த வாட்டியும் மிக்ஸி வாங்கிகினு போய் நிக்காத."