கோபுரத்துக்குக் கீழே ஒரு பெயர்

1969 பொங்கலன்று நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தபோது, கும்மிடிப்பூண்டியில் போர்டு எழுதும் துலுக்காணம் என்றால் அடியேன்தான். சுற்றுவட்டாரத்தில் வேறு பெயிண்டர் கிடையாது. அதனால் நானே சிறந்தவன்.

அதற்கு முந்தைய ஆவணியில்தான் எனக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ஆரம்பாக்கம், பெயர் கங்கம்மாள். என் அம்மா பெயரும் அதுவே. மருமகளை அந்தப் பெயர் சொல்லித் திட்டினால் மாமியாரைத் திட்டியதாகிவிடும் என்று, வந்தவளுக்கு வேறு பெயர் வைப்பது எங்கள் வழக்கம். சந்திரகலா என்று வைத்தேன். பெரிய ரசிகன் என்று எனக்கு நினைப்பு. அவளோ அந்தப் பெயருக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மார்கழியில் தாய்வீடு போனவள், சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் வருவேன் என்று சொல்லியனுப்பினாள். அம்மா பெயரைச் சொல்லிப் பெண்டாட்டியைக் கூப்பிட எனக்கு நாக்கு கூசியது. அரசாங்கமே பெயர் மாற்றும்போது இவளுக்கு என்ன கேடு என்று டீக்கடையில் நியாயம் பேசிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது ஓர் அலுவலக போர்டு வேலை வந்தது. மேலே அரசு முத்திரைக் கோபுரம், கீழே 'சென்னை மாநிலம்'. கோபுரத்தைத் தொடாதே, பெயரை மட்டும் மாற்று என்றார்கள். பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு எழுதுவதுதான் முறை. நான் அதன் மேலேயே நீலம் அடித்து, 'தமிழ்நாடு' என்று எழுதி, எட்ட நின்று என் கைவண்ணத்தை ரசித்தேன்.

மாசி வெயிலில் நீலம் பொரிந்து உதிர்ந்தது. தமிழ்நாட்டுக்கு நடுவே சென்னை எட்டிப்பார்த்தது. அலுவலக மேனேஜர் ராஜமாணிக்கம் கூப்பிட்டுக் காட்டினார், மானம் போயிற்று. ஏணியில் ஏறிச் சுரண்டினேன். கை கொப்பளித்ததுதான் மிச்சம், பழைய எழுத்து முழுசாகப் போகவில்லை. ஒரு தகரத்தில் இருந்த பெயரையே எடுக்கத் துப்பில்லாத நான், பிறந்ததிலிருந்து அவள் காதில் விழுந்த பெயரை எடுக்கப் பார்த்திருக்கிறேன்.

மறுநாளே ஆரம்பாக்கத்துக்கு ரயில் ஏறினேன். மாமனார் முன்னாலேயே கண்ணை மூடிக்கொண்டு, கங்கம்மா என்று கூப்பிட்டேன். வெளியே வந்தாள்.

"நாட்டுக்கு அந்தப் பேரு ஜனங்க கேட்டு வாங்கிக்கினது. என்னெ யாரு கேட்டீங்க?" என்றாள். அவள் பையைத் தூக்கிக்கொண்டேன்.

வழியெல்லாம் அம்மாவை நினைத்துத்தான் பயம். வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"இந்த ஊட்டுக்கு வந்த நாளா எம் பேரெ யாருமே கூப்ட்டதில்லடா. நல்லா சத்தமா கூப்புடு. நானும் கேட்டுக்கிறேன்."