இன்னொருக்காக் கேட்ட நாரித்தண்ணி

செபநாயகத்தின்ரை மகள் நிரோஜினி பதினெட்டு வருசமாய்ப் படிக்கிறது மருந்தே இல்லாத ஒரு வருத்தத்தை. குருநகரிலை இதைச் சொல்லிச் சிரிக்காத வாய் கிடையாது. சிரிச்ச வாயெல்லாம் போன வருசம்தான் கொஞ்சம் மூடினது.

பார்க்கப்போனால் ஆளிலை ஒண்டுமில்லை. ஒல்லி, கறுப்பு, முன்பல்லு மிதப்பு. கோயிலுக்கு வந்தால் கடைசி வாங்கிலை இருந்துபோட்டு, பூசை முடிய முதல் எழும்பிப் போயிடுவாள். நாலு சனத்தோடை நிண்டு கதைக்கத் தெரியாது. தேப்பன் செபநாயகம் குடிச்சே செத்தான், அதை மறைக்க ஒண்டுமில்லை. தாய் மரியநாயகி மீன் வித்துத்தான் பிள்ளையைப் படிப்பிச்சவள். பள்ளிக்கூடத்திலை பக்கத்திலை இருக்கிற பெட்டையள் மூக்கைப் பொத்துவாளவை. இவள் அழேல்லை. "மணக்குதெண்டால் தள்ளி இரு, எனக்குக் கை நீட்டி எழுத இடம் காணும்" எண்டுபோட்டு எழுதினவள்.

டொக்டருக்குப் படிக்கிற இடம் கொஞ்சத்திலை தவறிப்போச்சு. மூலைக்குள்ளை கிடந்து அழாமல் உயிர் இரசாயனம் படிச்சாள். உடம்புக்குள்ளை என்ன என்னத்தோடை சேர்ந்து என்னமாய் மாறுது எண்டு பார்க்கிற படிப்பு. அதிலை கெட்டிக்காரி எண்டு ஸ்கொட்லாந்திலை கூப்பிட்டுப் படிப்பிச்சவை. அங்கையிருந்து ஒருநாள் தாய்க்குப் போன் எடுத்தாள்.

"அம்மா, நான் பிரியனைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்யப்போறன்."

"ஆரடி அந்தப் பிரியன்? வேதக்காரனோ, சைவக்காரனோ?"

"அது ஆளில்லையம்மா. மூளைக்குள்ளை இருக்கிற ஒரு புரதம்."

"நான் நினைச்சன் ஆரையோ பிடிச்சுப்போட்டாய் எண்டு. புரதமோ? சரி, சொல்லு."

சொன்னாள். அந்தப் புரதம் மூளைக்குள்ளை ஒழுங்காய் மடிஞ்சு கிடக்க வேணும். ஒண்டு பிழையாய் மடிஞ்சால், பக்கத்திலை கிடக்கிற நல்லதையும் பிடிச்சுத் தன்னை மாதிரியே மடிச்சுப்போடும். அது மற்றதை மடிக்கும், மற்றது அடுத்ததை. கடைசியிலை மூளை பஞ்சு மாதிரி ஓட்டை விழுந்துபோம். அது கிருமியுமில்லை. அவிச்சாலும் சாகாது.

"விளங்குது," எண்டாள் மரியநாயகி. "கொப்பரும் நல்லாத்தானே இருந்தவர். பக்கத்து வளவான் வந்து குடிக்கப் பழக்கினான். பிறகு கொப்பர் வேறை நாலு பேரைப் பழக்கினார். உதைப் படிக்க ஸ்கொட்லாந்துக்கு ஏன் போனனீ?"

"என்ரை புறொபெசரும் இவ்வளவு வடிவாய்ச் சொல்லேல்லையம்மா."

"இலங்கையிலை எத்தினை பேருக்கு உது வரும்?"

"வருசத்துக்கு ஒரு இருபது பேருக்கு வரலாம்."

"இருபது பேருக்காகவோ நீ கலியாணம் கட்டாமல் இருக்கிறாய்?"

லைன் சரியில்லை, கேக்கேல்லை எண்டு சாட்டுச் சொல்லிப்போட்டு நிரோஜினி போனை வைச்சிட்டாள்.

பத்து வருசத்துக்கு முதல் திரும்பி வந்தாள். இருக்கச் சொல்லி அங்கை கேட்டவை. "அங்கை இதைப் பார்க்க நூறு பேர் இருக்கினம், இஞ்சை ஒருத்தருமில்லை" எண்டுபோட்டு வந்தாள். கொக்குவிலிலை ரயில் ரோட்டுக்குக் கிட்ட ரண்டு அறை, அதுக்குள்ளை ஒரு மெசின். வருத்தக்காரனின்ரை நாரியிலை, முள்ளந்தண்டுக்குள்ளை ஊசி போட்டு எடுக்கிற தண்ணியிலை ஒரு சொட்டை, நல்ல புரதத்தோடை சேர்த்து மெசினுக்குள்ளை வைக்கிறது. ஒரு நிமிசம் குலுக்கும், ஒரு நிமிசம் நிக்கும். மூண்டு நாளும் உதே வேலைதான். பிரியன் இருந்தால் நல்லதும் கெட்டுப்போய், அதுக்குள்ளை விட்ட சாயம் வெளிச்சம் விடும். இல்லையெண்டால் இருட்டு. நடுவிலை கரண்ட் போனால் எல்லாம் பாழ். அந்த மெசின் ஒழுங்காய் வேலை செய்ய அவளுக்கு நாலு வருசம் போச்சு.

சனம் கேக்கும், "மருந்து கண்டுபிடிச்சிட்டியோ?"

"இல்லை."

"அப்ப என்னத்தைக் கண்டுபிடிக்கிறாய்?"

"இருக்கோ இல்லையோ எண்டு."

"கண்டறியாத ஆராய்ச்சி" எண்டு சொல்லிப்போட்டுச் சனம் போகும். அவளும் பஸ்ஸுக்குப் போவாள்.

இப்பிடியிருக்கேக்கைதான் போன வருசம் ஜஸ்ரினுக்கு வருத்தம் வந்தது. நிரோஜினி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற கடல்தொழில்காரன். நாப்பத்தாறு வயசு, நல்ல நெட்டை ஆள். வைகாசியிலை வள்ளத்துக் கயிறு முடியத் தெரியாமல் கையைப் பார்த்துக்கொண்டு நிண்டான். ஆனியிலை தள்ளாடினான். குடிவெறியெண்டு நினைச்சு மனிசி லவீனா ரண்டு நாள் சோறு போடேல்லை. ஆடியிலை படுக்கை, பேச்சுமில்லை. சின்னச் சத்தம் கேட்டாலும் கைகால் வெட்டி வெட்டி இழுக்கும். ஆசுபத்திரி டொக்டர் எல்லாம் பார்த்துப்போட்டு, "பிரியன் வருத்தம் போலை கிடக்கு. நாரித்தண்ணியை எடுத்துக் கொக்குவிலுக்கு அனுப்பிப் பாப்பம். அதெண்டால் மருந்தில்லையம்மா, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கோ" எண்டார்.

லவீனா அழுத அழுகையிலை பக்கத்து வீட்டுக்குப் பிரியன் எண்டது பிரியாணி எண்டு கேட்டிட்டுது. பின்னேரமே சந்தை முழுக்கக் கதை: ஜஸ்ரின் ரவுணிலை பிரியாணி திண்டு மூளை பழுதாய்ப் போச்சாம். ரண்டு கிழமை குருநகரிலை ஒருத்தரும் பிரியாணியைத் தொடேல்லை. ஒரு ஞானஸ்நான வீட்டிலை சமைச்ச பிரியாணி சட்டியோடை நாய்க்குப் போச்சு. கோயில் சுவாமி வந்து, சாகப்போறவைக்குப் பூசுற அவஸ்தை பூசினார். ஜஸ்ரின்ரை தமையன் அருட்செல்வன் சவப்பெட்டிக்கு அளவும் குடுத்திட்டான்.

நாரித்தண்ணி வந்தது. குப்பியைத் தூக்கி வெளிச்சத்திலை பிடிச்ச உடனை நிரோஜினியின்ரை முகம் சுருங்கிப்போச்சு. பச்சைத்தண்ணி மாதிரித் தெளிவாய் இருக்க வேண்டியது, மீன் கழுவின தண்ணி மாதிரி இளஞ்சிவப்பாய்க் கிடந்தது. இரத்தம் கலந்திருக்கு. குத்தினவையிலை பிழையில்லை, வெட்டி இழுக்கிற ஆளிலை குத்தினது. எண்டாலும் மெசினிலை போட்டாள். மூண்டு நாள் குலுக்கினது. வெளிச்சம் வரேல்லை.

வீட்டை வந்து கால் கழுவேக்கை மரியநாயகி கேட்டாள், "எரிஞ்சதோ?"

"எரியேல்லை. ஆனால்..."

அந்த "ஆனால்" மரியநாயகியின்ரை காதிலை ஏறேல்லை. அடுத்தநாள் ஞாயிற்றுக்கிழமை. மீன் பெட்டி திறக்க முதல் அவள் வாய் திறந்திட்டுது: "ஜஸ்ரினுக்கு அது இல்லையாம், என்ரை பிள்ளை பார்த்திட்டாள்." வருத்தக்காரன்ரை கதையை வீட்டிலை சொன்னது நிரோஜினியின்ரை பிழைதான். அதை அவளே ஒத்துக்கொண்டவள்.

பத்து மணிக்கு லவீனா பெரிய பாரை மீனொண்டோடை வாசலிலை நிண்டாள். ரண்டு பேரும் ஒண்டாய் வளர்ந்தவளவை.

"மீனைத் திருப்பிக் கொண்டுபோ லவீனா. நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

"எரியேல்லை எண்டு கொம்மா சொன்னா."

"எரியேல்லைத்தான். ஆனால் தண்ணியிலை இரத்தம் கலந்திருந்தது. இரத்தம் இருந்தால், வருத்தம் இருந்தாலும் எரியாமல் விடும். இன்னொருக்கா எடுக்க வேணும்."

லவீனாவின்ரை கை மீனோடை கீழை இறங்கிப்போச்சு. "இல்லையெண்டு வந்ததை ஏனடி திருப்பித் தோண்டுறாய்? அவருக்கு அது இருக்க வேணுமெண்டு உனக்கு ஆசையோ? இருந்தால்தானே நீ ஆராய்ச்சியெண்டு எழுதலாம்?"

"விசர்க்கதை கதையாதை. வடிவாய்க் கேள். இதைப் போலவே காட்டுற வேறை வருத்தம் இருக்கு, அதுக்கு மருந்தும் இருக்கு. இது பிரியன் இல்லையெண்டு நான் துணிஞ்சு சொன்னால்தான் டொக்டர் அதைத் தேடுவார். அந்தச் சிவப்புத் தண்ணியை வைச்சுக்கொண்டு என்னாலை துணிஞ்சு சொல்லேலாது."

"எடுத்து எரிஞ்சிட்டால்?"

"எரிஞ்சது எண்டு சொல்லுவன். உனக்காகவும் பொய் சொல்லமாட்டன்."

"ஒருக்காக் குத்தினதுக்கே அந்த மனிசன் அனுங்கினது எனக்கெல்லோ தெரியும். நாரியிலை ரண்டுதரம் குத்தினால் கால் இழுத்துப்போடுமாம். நான் விடமாட்டன்."

நிரோஜினி திரும்பி நிண்டு சட்டையை நாரிமட்டும் தூக்கினாள். "இஞ்சை, தொட்டுப் பார். ஸ்கொட்லாந்திலை வருத்தமில்லாத ஆளின்ரை தண்ணியும் ஒத்துப்பார்க்க வேணுமெண்டு கேட்டவை. நான் மூண்டுதரம் குடுத்தனான். எந்தக் காலை இழுத்துக்கொண்டு நடக்கிறன், சொல்லு பாப்பம்?"

குசினிக்குள்ளையிருந்து மரியநாயகி அகப்பையோடை ஓடிவந்தாள். "மூண்டுதரமோ? பெத்த எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே, படுபாவி!"

"சொல்லியிருந்தால் சந்தைக்கும் தெரிஞ்சிருக்கும்."

மரியநாயகி அகப்பையோடை திரும்பிக் குசினிக்குள்ளை போயிட்டாள். லவீனாவுக்கு அழுகைக்குள்ளாலை சிரிப்பு வந்திட்டுது. மூக்கைச் சீறிப்போட்டு, "சரி, குத்தச் சொல்லு. ஆனால் நீயும் பக்கத்திலை நிக்க வேணும்" எண்டாள்.

நிண்டாள். ஆராய்ச்சிக்காரிக்கு ஆசுபத்திரி வாட்டுக்குள்ளை என்ன வேலை எண்டு ஒரு நேர்ஸ் முறைச்சா. அருட்செல்வன் தம்பியின்ரை தோளைப் பிடிக்க, நிரோஜினி முழங்காலை அமத்தினாள். முதல் விழுந்த சொட்டு சிவப்பு. "அது வேண்டாம் டொக்டர், வேறை குப்பியிலை பிடியுங்கோ" எண்டாள். ரண்டாவதும் கொஞ்சம் சிவப்பு. மூண்டாம் குப்பியிலை பச்சைத்தண்ணி. அருட்செல்வன் அதைப் பொலித்தீனிலை சுத்தி, மீன் பெட்டியிலை ஐஸ் உடைச்சு, உப்பும் போட்டு இறுக்கி, மோட்டச்சைக்கிளிலை கொக்குவிலுக்குக் கொண்டுபோனான். ஒண்டையும் பழுதாக விடாமல் கொண்டுபோறது எப்பிடியெண்டு அவனுக்கு ஒருத்தரும் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை.

ரண்டாம் நாள் கரண்ட் போச்சு. மெசினின்ரை பற்றரி அரை மணித்தியாலம் தாங்கும். நிரோஜினி போன் எடுத்தாள். அருட்செல்வன், வெளிச்சம் வைச்சு மீன் பிடிக்கிற வள்ளத்து ஜெனரேற்றரை ஓட்டோவிலை ஏத்திக்கொண்டு வந்து இறக்கினான். அது சட்டத்துக்குச் சரியான தொழிலோ எண்டு அண்டைக்கு ஆரும் கேக்கேல்லை. மெசின் நிக்காமல் குலுக்கினது.

அவள் சும்மா வைச்சுக்கொண்டிருக்கேல்லை. மெசின் தட்டிலை சொட்டு விடுற குழியளிலை, பக்கத்துக் குழியிலை ஜஸ்ரின்ரை அதே தண்ணியோடை, வேணுமெண்டே கொஞ்சம் கெட்டுப்போன புரதத்தையும் கலந்து விட்டிருந்தாள். தண்ணி வெளிச்சத்தை மறைக்குதோ எண்டு பார்க்கத்தான். அந்தக் குழி எரிஞ்சது. ஜஸ்ரின்ரை குழி இருட்டாய்க் கிடந்தது. கழுவித் துடைச்சு முதலிலையிருந்து இன்னொருதரம் செய்தாள். திரும்பவும் இருட்டு. அதுக்குப் பிறகுதான் டொக்டருக்குப் போன் எடுத்தாள்.

"டொக்டர், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலை சொல்லுவன், இது பிரியன் இல்லை. வேறை தேடுங்கோ. இண்டைக்கே தேடுங்கோ."

டொக்டர் நல்ல மனிசன், கௌரவம் பார்க்கேல்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குதோ எண்டு பார்க்க இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார். பதில் வரும் வரைக்கும் காத்திராமல் மருந்தையும் ஏத்தத் தொடங்கினார். கொழும்பிலையிருந்தும் ஓமெண்டுதான் வந்தது.

மருந்து ஏத்தத் தொடங்கி ஆறாம் நாள் பின்னேரம். லவீனா கட்டிலடியிலை செபமாலையோடை விம்மிக்கொண்டு இருக்கிறாள், அருட்செல்வன் சுவரோடை நிக்கிறான், நிரோஜினி வாட்டு வாசலிலை. ஜஸ்ரின் கண்ணைத் திறந்து ஒவ்வொருத்தராய்ப் பார்த்தான். நாக்குத் தடிச்சுத்தான் வந்தது.

"ஏனப்பா அழுறாய்? ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை, விசர் மனிசா!" எண்டு கத்தி லவீனா அவன்ரை தோளிலை அடிச்ச அடிக்கு ரண்டு நேர்ஸ்மார் ஓடிவந்தவை. நிரோஜினி உள்ளுக்குப் போகேல்லை. விறாந்தைச் சுவரிலை நெத்தியை வைச்சுக்கொண்டு கொஞ்சநேரம் நிண்டாள், பிறகு முகத்தைத் துடைச்சுக்கொண்டு படியிறங்கிப் போயிட்டாள்.

ஜஸ்ரின் தை மாசம் திரும்பக் கடலுக்குப் போனான். முழு ஆளாய் வரேல்லை. இடைக்கிடை பேர் மறந்துபோம், கோவம் சட்டெண்டு வரும். நிரோஜினி பஸ்ஸுக்கு நடந்து போறதைக் கண்டால் றோட்டிலையே மறிப்பான். "நீ ரண்டுதரம் குத்துவிச்சபடியால்தானடி எனக்கு நாரி உளையுது" எண்டு ஊர் கேக்க ஏசுவான். பஸ் போனாலும் பரவாயில்லையெண்டு அவள் நிண்டு முழுக்கக் கேட்டுப்போட்டுத்தான் போவாள். அவள் குப்பியிலை பார்த்த ஆக்களிலை, எழும்பி வந்து திருப்பி ஏசினது உவன் ஒருத்தன்தான்.