போனில் நான் போட்ட கடை

என் மகள் செய்யும் வேலைக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாருக்கும் சரியான பெயர் தெரியாது. கம்ப்யூட்டரில் கடை கட்டிக் கொடுக்கிறாள் என்று நான் சொல்லிக்கொள்வேன். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், பக்கத்து ஊரான திரிங்காப்பில் பூத்தோட்டம் போட்டவர்கள், காய்கறிக் கடைக்காரர்கள் எல்லாருக்கும் இணையத்தில் ஒரு பக்கம் செய்து தருவாள். எந்தக் கம்பெனிக்கும் கீழே இல்லை. அவளாகவே ஆள் பிடிப்பாள், அவளாகவே செய்வாள். என் புருஷன் இறந்துபோன பிறகு, கோலாலம்பூரில் பார்த்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எனக்குத் துணையாக மலைக்கு வந்தவள். ஜன்னலோரம்தான் இன்டர்நெட் நன்றாகக் கிடைக்கும் என்று மேசையை அங்கே போட்டுக் கொடுத்தேன்.

நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். கொழுந்து எடுத்துத்தான் அவளை வளர்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மெதுவாக எழுதுவேன். ஒரு விண்ணப்பப் பாரத்தை நிரப்பித் தரச் சொல்லி யார் வாசலிலும் போய் நின்றதில்லை. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். அந்தப் பெருமைதான் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

கொஞ்ச நாளாகவே அவளுக்கு வேலை குறைந்துகொண்டு வந்தது. ஒரு ஹோம்ஸ்டேக்காரர், நானே போனில் செய்துகொண்டேன் என்றாராம். அதைச் சோறு சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள். அடுத்த மாதம் பூக்காரர் அதையே சொன்னார். அதற்கு அவள் சிரிக்கவில்லை.

"ஆறு மாசம் பாப்பேன்மா. வேலை வரலன்னா கேஎல்லுக்கே போயிருவேன். நீங்களும் வந்துருங்க."

நான் தலையை ஆட்டினேன். கோலாலம்பூருக்குப் போய்ப் பதினாலாவது மாடியில் நான் என்ன செய்வேன்? இங்கேயே இருந்தாலும், அவள் இல்லாத வீட்டில் என்ன செய்வேன்? அந்த நேரத்தில் அவள் கையில் இருந்தது ஒரே ஒரு வேலை. கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரியும் சோளமும் விற்கிற ஒருத்திக்குப் பக்கம் செய்து கொடுப்பதாகப் பேசியிருந்தாள். அந்தக் கடைக்காரி வேறு யாருமில்லை. இருபது வருஷம் என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள்.

ஒரு நாள் மகள் ஈப்போவுக்குப் போயிருந்தபோது கடைக்காரி வீட்டுக்கு வந்தாள். போனில் ஒரு விளம்பரம் பார்த்தாளாம். தமிழில் பேசினால் போதும், அதுவே பக்கம் செய்துவிடுமாம். இவள் பேசிப் பார்த்திருக்கிறாள், எங்கேயோ தப்பாகத் தட்டி அது அப்படியே நின்றுவிட்டதாம். மகள் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போனைக் கேட்டேன்.

"விடுங்கக்கா. நமக்குக் கொழுந்துதான்லா தெரியும்" என்றாள் அவள்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அது ஒவ்வொன்றாகக் கேட்டது. கடையின் பெயர் என்ன, என்ன விற்கிறீர்கள், எப்போது திறப்பீர்கள். எல்லாம் பெரிய எழுத்து. நான் கூட்டிக் கூட்டிப் படித்தேன், கடைக்காரியைக் கேட்டுக் கேட்டுப் பதில் சொன்னேன். வருகிறவர்களுக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றது. காலையிலேயே வந்துவிடுங்கள், பஸ்ஸில் வருகிற கூட்டம் நல்ல பழத்தையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய்விடும் என்றேன். கடைசியில் ஒரு வரைபடம் வந்தது. நடுவில் சிவப்புப் புள்ளி. உங்கள் இடம் இதுதானா என்று கேட்டது. எங்கள் லயத்துக் கூரைகளும் மாரியம்மன் கோயிலும் மேலிருந்து பார்த்த மாதிரி தெரிந்தன. நம்ம இடமேதான் என்று சந்தோஷமாக ஆமாம் என்று சொன்னேன்.

பக்கம் வந்துவிட்டது. மேலே பளபளவென்று ஒரு கூடை ஸ்ட்ராபெரி. அது அவள் தோட்டத்துப் பழமே இல்லை. கடைக்காரி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

"இதுக்கா அக்கா உங்க மக ரெண்டு வாரம் கேட்டா? அவகிட்ட சொல்லிருங்க, எனக்கு முடிஞ்சிருச்சுன்னு."

அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்றாம் வகுப்புக்காரி நானே செய்துவிட்டேன். அப்படியென்றால் யாரால்தான் முடியாது? இனிமேல் என் மகளை யார் கூப்பிடப் போகிறார்கள்?

மகளிடம் சொல்லவில்லை. அவளோ அந்தக் கடைக்காகவே ராப்பகலாக வேலை செய்துகொண்டிருந்தாள். பனி விலகுவதற்குக் காத்திருந்து எடுத்த படங்களைத் திரையில் ஓட்டி, அம்மா இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா என்று என்னையே கேட்டாள். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொள்வேன். நாலு நாள் இப்படியே ஓடியது.

சனிக்கிழமை காலையில் எங்கள் லயத்துக்குள் ஒரு வெள்ளைக் கார் ஏறி வந்தது. ஒரு மலாய்க் குடும்பம். ஸ்ட்ராபெரி எங்கே என்று கேட்டார்கள். அவர்கள் திரும்புவதற்குள் பின்னால் ஒரு சிங்கப்பூர் வண்டி. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. தேயிலைக்கு நடுவே ஒற்றைப் பாதை, எதுவும் திரும்ப முடியவில்லை. நாய்கள் குரைத்தன. பக்கத்து வீட்டுக்காரி, எப்பக்கா கடை போட்டீங்க, சொல்லவே இல்லையே என்று வாசலில் நின்று கேட்டாள்.

மகள் வெளியே வந்து ஒரு காரோட்டியின் போனை வாங்கிப் பார்த்தாள். கடையின் பெயரைப் பார்த்தாள். புள்ளி எங்கள் வீட்டின் மேல் இருந்தது. கீழே, பஸ் கூட்டம் பழத்தைப் பொறுக்கிவிடும் என்று நான் பேசியது பேசியபடியே இருந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

நான்தான் செய்தேன் என்று நானே சொல்லிவிட்டேன்.

"எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டாள்.

"அரை மணி நேரம்கூட ஆகல."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நல்லாத்தான்மா செஞ்சிருக்கீங்க."

பிறகு கடைக்காரிக்குப் போன் அடித்து, எங்கே தட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். முதல் கார் பின்வாங்கி ரோட்டுக்கு இறங்குவதற்குள் புள்ளி கியா பார்முக்குப் போய்விட்டது. கடைக்காரி எங்களுக்கு ஒரு டப்பா பழம் எடுத்து வைப்பதாகச் சொன்னாளாம்.

எனக்கு ஒரு சின்ன ஆசை வந்தது. போன் செய்த வேலை தப்பாகத்தானே போனது, அவளிடம் கேட்டு நீயே செய்து கொடேன் என்றேன்.

"போன் தப்பு பண்ணலம்மா. அது கேட்டுச்சு. நீங்க ஆமான்னு சொன்னீங்க. அடுத்த ஆளு சரியா சொல்லிரும்."

திங்கட்கிழமை பழைய ஆபீசுக்கு எழுதினாள். பதில் வந்துவிட்டது. அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறீர்களா அம்மா என்று தினமும் கேட்கிறாள். யோசிக்கிறேன் என்கிறேன்.

நேற்று எஸ்டேட் ஆபீசுக்குப் போய்க் கணக்கு எழுதுகிற கிராணியிடம் வீட்டைப் பற்றிக் கேட்டேன். என்னைப் போல வேலையிலிருந்து நின்றவர்களுக்கு, ஆள் குடியிருக்கிற வரைக்கும்தான் வீடு. ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், பிறகு திரும்பக் கிடைக்காது என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். நானும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

இதை மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்காக இங்கேயே இருந்துவிடுவாள், வேலையில்லாமல், அந்த மேசைக்கு முன்னால். அவள் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மடித்துக் கொடுக்கிறேன்.